முப்பதாம் தேதி, நாலு டிகிரி

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினொண்ணு அண்ணி."

"தெருவுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு."

"பதினொண்ணு!"

"அப்ப முப்பதாம் தேதி சாயங்காலம் ஃபிரிட்ஜுக்குள்ள நாலு டிகிரிதான் இருக்கும்னு உன் கனவுல யாரு வந்து சொன்னா? பன்னெண்டாம் தேதி காலையில நாலு. சாயங்காலம் நாலு. பதிமூணாம் தேதி நாலு. ஞாயித்துக்கிழமை கடையே கிடையாது, அன்னிக்கும் நாலு. ஏண்டி, இது மருந்துக்கடையா, ஜோசியக் கடையா?"

தெருவுக்குக் கேட்கிற மாதிரி என்று லேபிளக்கா கேட்டிருக்கவே வேண்டாம். தெரு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள் முகம்கூடக் கழுவாமல் கடையைத் திறந்திருக்கிறாள், பை இன்னும் தோளில் தொங்குகிறது, அதற்குள் நாத்தனாரோடு வாய்ச்சண்டை. எதிர்வீட்டு வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பட்டன்காரி, ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நாற்காலியை எடுத்து எதிர்ப்பக்கத்து நிழலில் போட்டுக்கொண்டாள். எதிர்ப்பக்கத்து நிழல் என்பது மருந்துக்கடைப் படிதான்.

லேபிளக்கா என்ற பேர் சும்மா வந்ததல்ல. கூட்டுறவுச் சங்கத்து மருந்தகத்தை நடத்துவதற்குப் பட்டயம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். கடையில் இருக்கிற புட்டிகளோடு நிறுத்தியிருந்தால் யாரும் பேர் வைத்திருக்க மாட்டார்கள். அவள் வீட்டுச் சமையல்கட்டில் உப்பு டப்பாவின் மேல் "உப்பு, திறந்த நாள் இன்னது" என்று ஒட்டியிருக்கும். அவள் புருஷன் தையல்காரர், "நல்லவேளை, தாலி கட்டின தேதியை என் நெத்தியில ஒட்டாம விட்டா" என்பார். சொல்லிவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையை ஒட்டுப்பலகையால் இரண்டாகப் பிரித்து, இடதுபக்கம் மருந்தகம், வலதுபக்கம் தையலகம். மேலே தகரக் கூரை. அந்த வருஷத்து வெயிலில் கூரை பதினோரு மணிக்கே சடசடவென்று பொரிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் அக்கா ஃபிரிட்ஜைப் பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் இருப்பது சர்க்கரை வியாதிக்காரர்களின் ஊசி மருந்து. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பால் பாக்கெட், வெங்காயத் துவையல், தர்ப்பூசணித் துண்டு எதுவும் உள்ளே போகக்கூடாது. போன வருஷம் தையல்காரர் ஒரு சோடா பாட்டிலை வைத்ததற்கு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிப்பட்டவள் நாலு நாள் டவுனுக்குப் போகவேண்டி வந்தது. எதற்கு என்று கேட்டால் சிரிப்பு வரும். மருந்துகளின் தரத்தையும் பாதுகாப்பையும் பேணுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக்கு. கடையைப் பூட்டி, "நாலு நாள் விடுமுறை" என்று பலகை எழுதி மாட்டி, உள்வழிச் சாவியை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"பாப்பா, நீ எதையும் எடுக்க வேண்டாம், குடுக்க வேண்டாம். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மீட்டரைப் பாரு, நோட்டுல எழுது. அவ்வளவுதான் வேலை. செய்வியா?"

"இதுகூடவா செய்ய மாட்டேன் அண்ணி?"

இருபத்துமூன்று வயதான பாப்பா. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். வேலையைச் சுத்தமாகவும் அழகாகவும் செய்வாள். அண்ணி ஏறிய பஸ் புழுதி அடங்குமுன்னே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அளவுகோல் போட்டுக் கோடு இழுத்து, முப்பதாம் தேதி மாலைவரைக்கும் ஒரே உட்காரலில் வேலையை முடித்துவிட்டாள்.

"தினமும் நாலுதானே அண்ணி இருக்கு? நீங்க எழுதினதுலயும் நாலுதானே? நடுவுல விட்டுப்போயிடக் கூடாதேன்னு முன்னாடியே எழுதிட்டேன்."

"விட்டுப்போயிடக் கூடாதேன்னு!"

"ராத்திரி ராத்திரி போன் பண்ணிக் கேட்டீங்களே, நாலுன்னு சொன்னேன்ல?"

"நோட்டைப் பாத்துச் சொன்னியா, மீட்டரைப் பாத்துச் சொன்னியா?"

பாப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மீட்டரைக் காட்டினாள். "இப்பப் பாருங்க. நாலுதான்!"

நாலுதான் இருந்தது. பாப்பா முகத்தில் கொஞ்சம் வெற்றிகூடத் தெரிந்தது. லேபிளக்கா மீட்டரின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினாள். அப்படியொரு பொத்தான் இருப்பதே பாப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு நாளில் உச்சமாக எங்கே ஏறியது, அடிமட்டமாக எங்கே இறங்கியது என்று அந்தப் பொத்தான் சொல்லிவிடும். முதலில் பத்தொன்பது என்று காட்டியது. மறுபடி அழுத்தினாள். பூஜ்யத்துக்கும் கீழே நாலு என்று காட்டியது.

பையைத் தோளிலிருந்து இறக்கினாள் லேபிளக்கா. அதுவரை இருந்த சத்தம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவள் கத்தினால் பயமில்லை, கத்துவதை நிறுத்தினால்தான் பயம் என்று தையல்காரருக்குத் தெரியும். பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"என்னங்க. இங்க வாங்க."

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"பிளக்கைப் பிடுங்கினீங்களா?"

"அது வந்து... நம்ம பக்கத்து பிளக்கு கருகிப்போச்சுல்ல. எலக்ட்ரீஷியன் வரேன் வரேன்னு சொல்லிட்டே இருந்தான். பேண்டு வாத்தியக்காரங்க கோட்டு இருபத்துநாலும் நீ போன அன்னிக்கே குடுக்கணும். கோட்டை இஸ்திரி போடாம எப்படிக் குடுக்குறது? ஆணியில தொங்கின சாவியை எடுத்து, ஒரு அரைமணி நேரம் பிடுங்கிச் சொருகினேன். அவ்வளவுதான்."

"அரைமணி நேரமா?" என்று படியிலிருந்து குரல் வந்தது. பட்டன்காரி தலையைக்கூடத் தூக்காமல் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொட்டியைச் சூடு பண்ணும்போது மில்லுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதுச்சு. பத்தாவது கோட்டுல தங்கக் கயிறு பொசுங்கிச்சுன்னு என்னைக் கூப்பிட்டு மாத்தித் தைக்கச் சொன்னீங்க. அப்ப மணி ரெண்டரை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க வீட்டுக்குப் போகும்போதுகூட ஆவி பறந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்."

யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது அத்தனையும் உபயோகப்பட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"சரி, அது பத்தொன்பது," என்றாள் லேபிளக்கா. "சூட்டுல அஞ்சு மணி நேரம். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்த மைனஸ் நாலு எப்படி வந்துச்சு? பாப்பா, என்னைப் பாரு."

பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. விக்கலுக்கு நடுவே சொன்னாள். ஏழாம் தேதி சாயங்காலம் எதற்கோ உள்ளே வந்தவள் ஃபிரிட்ஜ் சத்தம் இல்லையே என்று பார்த்திருக்கிறாள். பிளக் தொங்குகிறது. மீட்டரில் பத்தொன்பது. உயிரே போய்விட்டது. சொருகிவிட்டு, நாள் முழுக்க ஆறாமல் கிடந்ததற்கு ஈடு கட்டுவதாக நினைத்து, உள்ளே இருக்கிற திருகைக் கடைசிவரைக்கும் திருப்பி வைத்துவிட்டாள். குளிர் குறைந்ததற்குக் கூடுதல் குளிர் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. ஒருவேளை சாப்பிடாதவனுக்கு அடுத்த வேளை இரண்டு தட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி. ஒன்பதாம் தேதி பார்த்தால் உள்ளே எல்லாப் பக்கமும் பனிக்கட்டி. பயந்துபோய்த் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஊசி மருந்து உறைஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"உருகிடும்."

"உருகிடும். பாக்கிறதுக்குத் தண்ணி மாதிரி நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள இருக்குற மருந்து செத்துப்போயிடும். போட்டுக்கிட்டவங்க, நாம மருந்து போட்டிருக்கோம்னு நம்பிக்கிட்டுச் சாப்பிடுவாங்க. சர்க்கரை ஏறிக்கிட்டே போகும்."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து எண்ணினாள். முன்வரிசையில் நாலு. பின்னால் நாலு. மறுபடி எண்ணினாள். அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்து எண்ணினாள்.

"ஒன்பது இருந்துச்சு."

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"பேக்கரி அண்ணன் வந்தாரு அண்ணி. எட்டாம் தேதி சாயங்காலம். நான் முடியாதுன்னுதான் சொன்னேன். பொண்ணுக்கு மருந்து தீரப்போகுது, மூணு நாள் கழிச்சு அக்கா வந்தா வரட்டும், நீ ஒண்ணு எடுத்துக் குடு, எப்பவும் வாங்குறதுதானேன்னு ரொம்பக் கெஞ்சினாரு. டாக்டர் சீட்டைக்கூடக் கையில வச்சிருந்தாரு."

"முன்னாடி இருந்ததைக் குடுத்தியா, பின்னாடி இருந்ததையா?"

"பின்னாடி இருந்ததைத்தான் கேட்டாரு. அவரு எப்பவும் அப்படித்தானே?"

உண்மைதான். பேக்கரிக்காரர் மட்டுமில்லை, ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. எந்தக் கடையிலும் முன்னால் இருப்பது பழசு, பின்னால் ஒளித்து வைத்திருப்பதுதான் புதுசு என்று ஒரு நம்பிக்கை. இருமல் மருந்து வாங்க வந்தாலும் கழுத்தை நீட்டி, "உள்ள இருக்கிறதைக் குடுங்க" என்பார்கள். காலாவதித் தேதி சீக்கிரம் வருவதை முன்னால் வைத்து அதை முதலில் கொடுப்பதுதான் முறை என்று லேபிளக்கா சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"பின்னாடி சுவத்தோட ஒட்டி ஐஸ் பிடிச்சிருந்துச்சு அண்ணி," என்றாள் பாப்பா, குரலே எழும்பாமல். "இழுத்து எடுத்து, துடைச்சுட்டுக் குடுத்தேன்."

சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு லேபிளக்கா படியிறங்கினாள். பட்டன்காரியின் நாற்காலி இடறி விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே தையல்காரர் ஓடிவந்து, "செருப்பு! செருப்பு போட்டுக்கோ!" என்று கத்தினார். அந்த வெயிலில் வெறுங்காலோடு போய்விட்டாள்.

பேக்கரி நாலு தெரு தள்ளி. அந்த நாலு தெருவையும் அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பார்த்தவர்கள் சொன்னார்கள், வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். எட்டு சாயங்காலம், ஒன்பது, பத்து, இன்றைக்குக் காலை. மூன்று நாள் ஆகப்போகிறது என்று கணக்குப் போட்டிருப்பாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மூன்று நாள் மருந்தில்லாமல் இருந்தால் முதலில் தாகம், அப்புறம் வாந்தி, அப்புறம் மூச்சு வாங்கும். அதற்கப்புறம் இருப்பதை அவள் நினைக்க மறுத்தாள்.

பேக்கரியில் இரண்டாம் சூட்டு ரொட்டி அடுப்பில் இருந்தது. பேக்கரிக்காரர் முழங்கைவரைக்கும் மாவோடு, பன்னுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் புளித்த வாசனை, கரியின் அனல், வியர்வை. விடிவதற்கு முன்னால் நின்ற மனிதர், மத்தியானம்வரைக்கும் அந்த மேஜையை விட்டு நகர மாட்டார்.

"வாங்கக்கா! பயிற்சியெல்லாம் முடிஞ்சுதா? ஒரு பன்னு சூடா..."

"அண்ணே, பொண்ணு எங்க?"

"உள்ள படுத்திருக்கா. பள்ளிக்கூடம் போகல. தலை சுத்துதாம், வயித்தைப் புரட்டுதாம். ஏன்க்கா?"

லேபிளக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் மாவு.

"எட்டாம் தேதி பாப்பாகிட்ட வாங்கினீங்களே, அந்த மருந்து. போட்டாச்சா?"

"போடாம? வாங்கினது எதுக்கு, அலமாரியில வச்சு அழகு பாக்கவா?" என்று சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னக்கா? என்ன விஷயம்?"

"அந்த மருந்து கெட்டுப்போனது அண்ணே. எங்க தப்பு. உறைஞ்சு கெட்டுப்போனதை எடுத்துக் குடுத்துட்டா. முதல்ல பொண்ணைக் காட்டுங்க, அப்புறம் என்னை என்ன வேணா திட்டுங்க."

அவர் அப்போதே திட்ட ஆரம்பித்துவிட்டார். "பிள்ளை உசுரோட விளையாடுறீங்களா? கடைக்குப் பேரு சங்கத்துக் கடை! சுத்தம் சுத்தம்னு வாய் கிழியப் பேசுறீங்க, ஒரு சோடா பாட்டிலை உள்ள விட மாட்டீங்க, என் பிள்ளைக்குச் செத்த மருந்தா?" திட்டிக்கொண்டே அவளுக்கு முன்னால் உள்ளறைக்கு ஓடினார். மாவுக் கை பட்டுக் கதவு நிலையில் ஐந்து விரலும் பதிந்தது. அடுப்பில் இருந்த ரொட்டியை இருவரும் மறந்துபோனார்கள்.

உள்ளே பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. காலடி கேட்டதும் மெதுவாக ஒரு முனகல்.

"கண்ணு, அத்தை வந்திருக்கேன். ரொம்பத் தண்ணி தாகமா இருக்கா?"

"ம்ம்ம்."

"அடிக்கடி ஒண்ணுக்குப் போனியா?"

"ம்ம்ம்."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"ஆமா அத்தை. ரொம்ப."

கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டது. லேபிளக்கா இடுப்பிலிருந்து மெஷினை உருவினாள். "விரலை நீட்டு" என்றாள். பிள்ளை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டது. "முடியல அத்தை, வலிக்கும்." எட்டு வயதிலிருந்து தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை. ஊசிக்குப் பயப்படுகிற நிலைமை வந்துவிட்டதென்றால் மயக்கம்தான் என்று அக்கா நினைத்தாள். கையை வெளியே இழுத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தாள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூற்று இருபத்தெட்டு.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் பேக்கரிக்காரர்.

"இருக்க முடியாது. மெஷின் தப்பாக் காட்டுது." அடுத்த விரலில் குத்தினாள். நூற்று இருபத்தாறு. "ரெண்டு தடவையும் தப்பாக் காட்டுது. நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம் அண்ணே. ஆட்டோவைக் கூப்பிடுங்க, டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடலாம். நாலு நாளாவது படுக்க வச்சு, ஏத்த வேண்டியதை ஏத்திப் பாக்கணும்."

பேக்கரிக்காரர் வாசலுக்குப் பாய்ந்தார். நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"அப்பா! ஆட்டோ வேணாம்!"

"படு கண்ணு, அசையாதே."

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. இன்னிக்குக் கணக்குப் பரீட்சை."

முன்பக்கம் ரொட்டி கருகுகிற வாசனை வர ஆரம்பித்தது.

"அந்தப் புது மருந்தைப் போட்டியா இல்லையா?" என்றாள் லேபிளக்கா. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"இல்லையே. பழசே இன்னும் ரெண்டு நாளைக்கு வரும். பழசு இருக்கும்போது எப்படிப் புதுசை உடைக்கிறது?" பிள்ளை அப்பாவை ஒரு பார்வை பார்த்தது. "நம்ம வீட்டுல நேத்து ரொட்டி தீராம இன்னிக்கு ரொட்டியை யாராவது தொட முடியுமா? அம்மா கையை ஒடிச்சிடுவாங்க."

அந்தக் குடும்பத்துச் சட்டம் அப்படி. ஊருக்கெல்லாம் சூடான ரொட்டி, வீட்டுக்கு எப்போதும் முதல்நாள் ரொட்டி. கடைக்குப் போனால் புதுசு புதுசு என்று பின்னாலிருந்து பிடுங்கி வாங்குகிற மனிதர், வீட்டுக்குள் மட்டும் பழசு தீராமல் புதுசைத் தொடவிட மாட்டார். அந்தப் பிள்ளை இந்தச் சட்டத்தைத் தன் மருந்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்து அட்டைப் பெட்டியை எடுத்து வந்தது. ஒட்டு பிரிக்கவே இல்லை. ஈரம் பட்டு ஊதியிருந்த அட்டையில் எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது.

லேபிளக்கா அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூட்டை பொசுக்கென்று அமுங்கி வெள்ளைப் புகை கிளம்பியது. முதலில் தும்மினாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "அத்தைக்குச் சர்க்கரை பாருப்பா" என்றது பிள்ளை.

"நீ வாயை மூடு. பரீட்சை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. சட்டையைப் போடு," என்றார் பேக்கரிக்காரர். மகள் பிழைத்த சந்தோஷத்தில் கையை ஓங்கவும் முடியாமல், கோபத்தில் கட்டிப்பிடிக்கவும் முடியாமல், மாவுக் கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். முப்பது ரொட்டி அடுப்பிலேயே கரியாகிப்போனது. அதைப்பற்றி அவர் பிற்பாடுகூட வாயைத் திறக்கவில்லை.

லேபிளக்கா திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு பழைய மோட்டார் பைக் நின்றது. பட்டன்காரி அவளைக் கண்டதும் கையால் வாயை மூடிக் காட்டினாள். அதற்கு ஆபத்து என்று அர்த்தம். அவள் வாயை மூடுவது அவ்வளவு அபூர்வம்.

உள்ளே நாற்காலியில் மருந்து ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். பயிற்சியில் கடைசி நாள், "உங்க கடைக்கெல்லாம் சொல்லாமத்தான் வருவேன்" என்று சொல்லியிருந்தார். மறுநாளே வருவார் என்று யார் நினைத்தார்கள்? ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் நோட்டு. மேஜைமேல் எட்டுப் பெட்டிகளும் அப்படியே இருந்தன. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தையல்காரர் மனைவிக்குக் கண்ணால் ஏதேதோ ஜாடை செய்தார். பேசாமல் இரு, நோட்டு அழகாக இருக்கிறது, அவர் மயங்கிவிட்டார் என்பதுதான் அந்த ஜாடையின் சுருக்கம்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நோட்டைப் பாத்ததில்லம்மா," என்றார் ஆய்வாளர். "ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. யாரு எழுதினது?"

உச்சியிலிருந்து பாதம்வரை மாவும் வேர்வையுமாக நின்ற லேபிளக்காவுக்கு அந்தக் கணத்தில் ஆசை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தும் கையில் திரும்பி வந்துவிட்டது. எட்டோடு ஒன்பதாவதையும் சேர்த்து சத்தமில்லாமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் முடிந்தது. பேக்கரிக்காரரை மட்டும் சமாதானப்படுத்த வேண்டும். வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போனாள் என்று அவளே பிறகு யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார் எழுதினேன். அது பொய் சார்."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்மா," என்றார் ஆய்வாளர், பக்கத்தைப் புரட்டியபடி. "முப்பதாம் தேதி இன்னும் வரலியே."

பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். பிளக்கு, கோட்டு, திருகு, ஐஸ், பேக்கரி அண்ணன், துடைத்துக் கொடுத்தது. விட்டுப்போன இடங்களைப் படியிலிருந்து பட்டன்காரி நிரப்பினாள். ஆய்வாளர் குறித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் லேபிளக்காவைப் பார்த்தார்.

"பொண்ணு?"

"நல்லா இருக்கா சார். பெட்டியைப் பிரிக்கவே இல்ல. இந்தாங்க." ஒன்பதாவது பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "தப்பு என்னோடது சார். பட்டயம் என் பேர்ல இருக்கு. சாவியைக் குடுத்தது நான். பொத்தான் இருக்குன்னு இவளுக்குச் சொல்லிக்குடுக்காததும் நான். எழுதுறது என்னிக்குன்னு சொன்னேன், எதுக்குன்னு சொல்லல."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், "ஏம்மா, மாவு மில்லுக்கா போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது.

தண்டனை இல்லாமல் விடவில்லை. மருந்துக்கடை ஒரு வாரம் மூடல். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று சங்கத்துக்கு, ஒன்று லேபிளக்காவுக்கு. ஃபிரிட்ஜுக்குத் தனி வயர், தனி பிளக்கு, அதைத் தொட்டால் அலறுகிற ஒரு மணி. ஒன்பது பெட்டிகளையும் அவரே சாக்கில் கட்டி முத்திரை வைத்து அழிப்பதற்கு எடுத்துக்கொண்டார். அதே கையோடு டவுன் மொத்தக் கடைக்குப் போன் போட்டு, "இங்க ஒன்பது வீட்டுக்கு மருந்து வேணும், இன்னிக்கே வேணும்" என்றார். கிளம்பும்போது பாப்பாவிடம், "கையெழுத்து நல்லா இருக்கு. அடுத்த தரம் நடந்ததை எழுது" என்றார். தையல்காரரைப் பார்த்து, "கோட்டு நல்லா வந்துச்சா?" என்றும் கேட்டார். தையல்காரர் கழுத்து நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மருந்து வேன் வந்தது. டிரைவர் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்து, ரசீதை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சு" என்றார். லேபிளக்கா கையை நீட்டினாள். பாப்பா குறுக்கே வந்தாள்.

"இருங்க. மீட்டரை உள்ள வைக்கணும்."

"ஐஸ் பெட்டிங்க. டவுன்லேருந்து மூடியைத் திறக்கவே இல்ல."

"திறக்காட்டி பரவாயில்ல. மீட்டர் நிக்கிற வரைக்கும் நில்லுங்க."

பத்து நிமிஷம் நிற்க வைத்தாள். அவரும் நின்றார். தையல்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மீட்டர் ஆறு காட்டியது. பாப்பா நோட்டில் ஆறு என்று எழுதி, மணியும் எழுதி, அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டாள். அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, முழங்கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வீடுகளுக்கும் இருட்டுவதற்குள் மருந்து போய்ச் சேர்ந்தது. பேக்கரி வீட்டுக்கு மட்டும் அக்காவே செருப்புப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாள். பேக்கரிக்காரர் முகம் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டார். மறுவாரம் அவர் சம்சாரம் ஒரு பெரிய ரொட்டி அனுப்பினாள். அன்றைக்குச் சுட்டது, தொட்டால் சூடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு ரொட்டி காசு வாங்காமல் வெளியே போனது அதுதான் முதல் தடவை என்று பட்டன்காரி சத்தியம் செய்வாள். கணக்குப் பரீட்சையில் பிள்ளை வாங்கியது முப்பத்தொன்று.

அடுத்த ஆனியிலேயே பாப்பாவை டவுனில் மருந்தாளுநர் படிப்புக்குச் சேர்த்துவிட்டார்கள். தங்கி இரண்டு வருஷம் படித்தாள். படித்து முடித்ததும் டவுன் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கே மருந்து இறக்க வருகிற வேன் டிரைவர், பத்து நிமிஷம் நின்று பழகியவர்தான், இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பினார். தையல்காரர் மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்தார். எங்கே இஸ்திரி போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. பேக்கரிப் பொண்ணு கணக்கை ஒரு வழியாகத் தாண்டி, கப்பல் கம்பெனி வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு கடலோரத்து ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள், சுகமாக இருக்கிறாள். பட்டன்காரி மகன் வீட்டோடு போய்விட்டாள். அதற்கப்புறம் தெருவில் நடப்பது பாதிக்குமேல் யாருக்கும் தெரிவதில்லை.

ஆனால் பாப்பா கல்யாணத்தன்றைக்குப் பட்டன்காரி இருந்தாள், அதனால் இது தெரியும். பொண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறியதும், லேபிளக்கா கடைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லாமேஜையில் தலையை வைத்து அப்படி அழுதாளாம். புகுந்த வீட்டுக்குப் போகிற நாத்தனாருக்காக ஒரு அண்ணி அழுததை எங்கள் தெரு அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை.